பேர் ஒட்டாத பாத்திரம்

தலையில் வைப்பதற்கு முன் கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு தடவை நறுக்கிப் பார்ப்பாள் மார்லீன். பிறகு, நாற்காலியில் இருப்பவர் யாராயிருந்தாலும், மண்டையில் சீப்பால் ஒரு தட்டு. "ஆடாம உக்காரு. காது போனா நான் பொறுப்பில்ல."

ஓஹையோவில், ஆலைப் புகை எட்டாத தூரத்தில் இருக்கிறது ஹேசல் தெரு. அங்கே, தான் வளர்ந்த வீட்டின் அடித்தள அறையிலேயே ஒற்றை நாற்காலி போட்டு முடி வெட்டுகிறாள். அணுகுண்டு விழுந்தால் குடும்பம் பதுங்கியிருந்து சாப்பிட வேண்டும் என்று அவள் அப்பா அடித்த அலமாரியில் அன்று பீன்ஸ் டப்பாக்கள் இருந்தன, இன்று ஷாம்பு. எழுபத்தாறு வயதிலும் வாய் ஓயாது. மருமகன், மேயர், முட்டை விலை, எதையும் விடமாட்டாள். தேவாலயத்துப் பக்கம் போவதில்லை. பாதிரியார் என்று யார் வந்தாலும் அவளுக்கு "ஞாயித்துக்கெழமக்காரன்"தான்.

தெருவுக்கு யார் குடிவந்தாலும், சாமான் லாரி கிளம்புவதற்குள் டூனா கேசரோலோடு வாசலில் நிற்பாள். மீன், நூடுல்ஸ், சீஸ், மேலே நொறுக்கிய சிப்ஸ். ருசி சுமார்தான், அவளே சொல்வாள். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் ஹூடக் என்று வீட்டுப் பேர் எழுதியிருக்கும்.

அது தெருவின் பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஒரே அச்சில் வார்த்ததுபோல் எழும்பிய வீடுகள் அவை. புதிதாக வந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு சாப்பாடு போகும். அவர்கள் பாத்திரத்தைக் கழுவி, அடியில் பேரைப் பார்த்து, திருப்பிக் கொடுக்க வருவார்கள். சாப்பாடு கொடுத்தவர்கள் உள்ளே கூப்பிட்டு காப்பி கொடுப்பார்கள். சிநேகம் தொடங்குவது அந்தக் காப்பியில்தான்.

போன ஜூலையில் நாற்காலியில் இருந்தவள் பெகி. எதிர்வீட்டில் வளர்ந்தவள், மார்லீனோடு ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் ஹேசல் தெருவில் பிள்ளைகளாக இருந்தவர்களையெல்லாம் ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, ஆகஸ்டில் பூங்காவில் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். நீதான் வாயாடி, நீ மைக்கில் பேச வேண்டும் என்றாள். என்ன பேச வேண்டும் என்பதையும் அவளே அடுக்கினாள். கொசு மருந்து வண்டி கக்கிய வெள்ளைப் புகைக்குள் சைக்கிளில் புகுந்து துரத்தியது. அந்த விஷத்தை மழைபோல நினைத்து, வாசலில் நின்ற அம்மாக்கள் கையசைத்தது. குண்டு ஒத்திகைக்குப் பள்ளி மேசைக்கடியில் படுத்துக் கிள்ளிக்கொண்டது. தெருவிளக்கு எரிந்ததும் வீட்டுக்கு ஓடியது.

"அப்பறம், யாருமே கதவப் பூட்டினதில்லன்னு சொல்லுடி. எங்கப்பா வாசச்சாவியத் தொலச்சிட்டு, சாகற வரைக்கும் தேடவே இல்லன்னு சொல்லு. சிரிப்பாங்க."

கத்தரிக்கோல் நின்றது. "விட்லோ வீட்டுல பூட்டினாங்க."

பெகி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "நீ இன்னும் அத விடலயா?"

"எங்கடி புடிச்சேன், விடறதுக்கு? ஒரு தடவகூட வாயத் தொறந்து சொன்னதில்லயே."

"அவங்கெல்லாம் நம்ம அம்மாங்கடி. செத்துப் போயிட்டாங்க."

"நாமளும்தான் போயிட்டிருக்கோம். அதுக்குள்ள இந்தத் தெருவுல ஒரு தடவ அது சத்தமாக் கேக்கணும்."

பின்பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள் பெகி.

மார்லீனுக்கு அப்போது எட்டு வயது. கடைசி வீட்டை விட்லோ என்ற கறுப்பினத்தவர் வாங்கினார். மார்லீனின் அப்பா போன அதே போருக்குப் போய் வந்தவர். போருக்குப் போனவர்களுக்கு வீடு வாங்க அரசு உறுதி கொடுத்த கடன், அவர் தோலைப் பார்த்ததும் வங்கியில் இல்லாமல் போயிற்று. வயிற்றைக் கட்டிச் சேர்த்து வாங்கினார். வெள்ளையர் மட்டுமே குடியிருக்கலாம் என்று பத்திரத்திலேயே அச்சடித்திருந்த தெரு அது. அந்த வரி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியும், தெரு அதை மனப்பாடமாக வைத்திருந்தது. அயலானை நேசி என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டவர்கள், அந்த அயலானைத் துரத்தும் மனுவில் அதே வாரம், அதே கூரையின் கீழ் கையெழுத்துப் போட்டார்கள். நாற்காலிகளை எடுத்துப் போட்டவர் பாதிரியார்.

விட்லோ வீட்டுக்கு ஒரு பாத்திரமும் போகவில்லை.

மார்லீனின் அம்மா இர்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். மஞ்சள் பூப்போட்ட பீங்கான் பாத்திரத்தில் கேசரோல் செய்தாள். அடியிலிருந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பூப்போட்ட மூடி வழியில் பார்ப்பவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, பாத்திரம் முழுக்க அலுமினியத் தாளைச் சுற்றி, மகளிடம் கொடுத்துக் கொல்லைப்பக்கமாக அனுப்பினாள். "படியில வச்சுட்டு, கதவத் தட்டிட்டு ஓடி வந்துரு. ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது."

இரண்டொரு நாள் கழித்து, தொப்பியும் கையுறையும் அணிந்து, கழுவிய பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திருமதி விட்லோ தெருவில் இறங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். திரைச்சீலை இடுக்கில் மார்லீனும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் எங்களுடையது இல்லை என்றார்கள். அதில் பொய்யும் இல்லை. கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தார்.

"இது உங்களோடதாங்க?"

"இல்லங்க. எங்களுது இல்ல." மகள் தோளில் இருந்த இர்மாவின் கை இறுகியது.

அவள் முதுகுக்குப் பின்னால், தொட்டியோரம், அதே மஞ்சள் பூப்போட்ட மூடி காய்ந்துகொண்டிருந்தது. திருமதி விட்லோ அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை மார்லீன் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க, வீடு மாறி வந்துட்டேன்" என்றார் அவர். "யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சா சொல்லிருங்க. புள்ளைங்க வழிச்சுத் தின்னுதுங்க."

பாத்திரத்தோடு திரும்பி நடந்தார். இர்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் போட்டு மார்லீன் பார்த்தது அன்றுதான்.

குளிர்காலத்தில் கடைசி வீட்டு ஜன்னலுக்குக் கல் வந்தது. போலீஸ் கார் ஒன்று, கல்லெறிந்தவர்களுக்குத் துணைபோல நின்றது. வசந்தத்தில் வீடு காலி. இர்மா அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் இருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகஸ்டில் பூங்காவுக்கு நரைத்த தலைகளாக வந்து சேர்ந்தார்கள். சாவி கதையைப் பெகியின் அண்ணன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மைக் மார்லீன் கைக்கு வந்தது. ஓயாத அந்த வாய் அன்று திணறியது. கதவுகளைச் சொன்னாள். மனுவைச் சொன்னாள். மூடியைச் சொன்னாள்.

"எங்கம்மா நல்லவ. அந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினவ அவ ஒருத்திதான். ஆனா தன்னோடதுன்னு சொல்ல அவளால முடியல. நான் சொல்றேன். அந்தப் பாத்திரம் எங்களுது."

யாரும் கைதட்டவில்லை. யாரோ பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வரிசையில் போனார்கள். உருளைக்கிழங்கு சாலட் தீர்ந்தது. சுட்ட விலா எலும்புக் கறி தீர்ந்தது. ஆப்பிள் பை தட்டைச் சுரண்டினார்கள். மார்லீன் கொண்டுவந்த ஹூடக் வீட்டுக் கேசரோல் மட்டும் மேலே தூவிய சிப்ஸ்கூடக் கலையாமல் இருந்தது. வரிசை அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் விலகி நடந்தது. மார்லீன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வந்தவள் பெகி. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சட்டென்று கேசரோலில் ஒரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் வைத்தாள். பிறகு ஒரு பன்னைப் பிய்த்து அதன் மேல் போட்டு மூடினாள்.