இருபத்திரண்டு பேருக்கு ஒரு லென்ஸ்

என் மகனுக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த குடும்பப் படத்தில் என் அப்பாவுக்குப் பாதி உடம்புதான் இருக்கிறது. அம்மா ஒரு முழங்கையும் கொஞ்சம் புடவையுமாகத் தெரிகிறார். பெண்ணைக் கொடுத்தவர்கள் எந்தப் படத்திலும் ஓரத்துக்கு ஒதுங்குவார்கள். "நீங்க நில்லுங்க சம்மந்தி" என்று சொல்லிச் சொல்லியே படத்துக்கு வெளியே போய்விடுவார்கள். போட்டோக்காரரும் அப்படியே விட்டுவிட்டார். மாமனார் வீட்டு ஹாலில் அதைப் பெரிதாக்கி மாட்டியும் விட்டார்கள். யாருக்கும் எதுவும் குறையாகப் படவில்லை.

காதுகுத்துக்கு நானே படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். கணவரின் மிரர்லெஸ் கேமரா வீட்டில் சும்மா கிடந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் உள்ள குலதெய்வக் கோயிலின் மண்டபம் மாட்டுக்கொட்டகை அகலம்தான். பின்னால் நகர இடமில்லை. இருபத்திரண்டு பேர். அதில் என் அப்பாவும் அம்மாவும் முழுசாக விழவேண்டும். அதற்கு, கிட்டே நின்றாலும் எல்லோரையும் அள்ளிக்கொள்ளும் அல்ட்ரா வைட் லென்ஸ் தேவைப்பட்டது.

ஒரு மாதம் பையனை மடியில் போட்டுக்கொண்டு விமர்சன வீடியோக்கள் பார்த்தேன். எல்லா ஆண்களும் ஒரே மலையை, ஒரே சுழல் படிக்கட்டைப் படமெடுத்தார்கள். மூலையில் இருக்கும் இலை கூர்மையாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கவலைப்பட்டார்கள். மூலையில் நிற்கும் மனிதர் எப்படித் தெரிவார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொந்தக்காரர்களே கிடையாது போலிருக்கிறது.

காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "ஊட்டுக்காரரு வண்டிய நிறுத்தீட்டு வாராருங்களா?" வரவில்லை என்றேன். உடனே குரல் கனிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரை மட்டம் தட்டுவதென்றால் மரியாதையைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். லென்ஸில் எம்எம் குறையக் குறைய அகலம் கூடும். பதினாறு எம்எம் லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்து, இதற்கு மேல் அகலம் கிடையாது என்றார். அது பெரிய சென்சார் உள்ள கேமராவுக்குத்தான் அகலம், என்னுடைய சின்ன சென்சார் ஓரங்களை விட்டுவிடும், கேமராவோடு வந்த பதினெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சொன்னேன்.

"அதையெல்லாம் போட்டுக் கொழப்பிக்காதீங்க அம்மணி. ஊட்டுக்காரரை ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

வெளியே வந்து, நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் மறுபடி படித்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அந்த ஆளைவிட என்னை நினைத்தால்தான் எனக்கு இளப்பமாக இருந்தது.

கடைசியில் போத்தனூரில் ஒரு பழைய பத்து எம்எம் கிடைத்தது. விற்றவர் அடுக்குமாடி விளம்பரங்களுக்கு வீடுகளைப் படமெடுப்பவர். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டிய லென்ஸ் அது. என் கேமராவில் பொருந்துகிறதா என்று நான்கு முறை மாட்டிக் கழற்றினேன். பொறுமையாக நின்றவர், "ஓரத்துல மட்டும் ஆளை நிறுத்திப்போடாதீங்க. மொகம் இழுத்துக்குமுங்க" என்றார். அறைகளைப் பற்றிப் புளுகிப் பிழைத்தவர்தான் அந்த ஒரு மாதத்தில் எனக்கு உருப்படியாக ஒன்றைச் சொன்னவர்.

காது குத்தி முடிந்து பையன் தாய்மாமன் மடியில் அலறிக்கொண்டிருந்தான். என் அண்ணனின் அந்த மடிதான் பிறந்த வீட்டாருக்குச் சபை நடுவில் கிடைக்கும் ஒரே இடம். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, டைமர் வைத்து, நானும் ஓடிப் போய் நின்று ஒன்று எடுத்தேன். எல்லோரும் விழுந்திருந்தார்கள். நடுவில் மாமனாரும் மாமியாரும், இரண்டு ஓரத்திலும் அப்பாவும் அம்மாவும். மாமனாரின் அக்கா திரையை எட்டிப் பார்த்து, "சம்மந்தி மொகம் சொரக்காயாட்ட இருக்குது" என்று சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

ஓரம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லப் பயந்துதான் இந்த லென்ஸைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

"மாமா, நீங்களும் அத்தையும் ஓரத்துக்கு வாங்க. எங்கப்பா அம்மா நடுவுல நிக்கட்டும்."

மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அதுக்கென்ன கண்ணு, வாரேன்" என்று வந்து நின்றார். அவ்வளவுதான். இதற்குத்தான் ஒரு வருடம் பயந்திருந்தேன்.

இப்போது ஹாலில் அந்தப் படம் இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் முழுசாக, நேராக நிற்கிறார்கள். ஓரத்தில் மாமனாரின் தோள் கதவகலத்துக்கு விரிந்திருக்கிறது. அது தோட்டத்தில் உழைத்த உடம்பு என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறார். நான் மறுப்பதில்லை. மறு ஓரத்தில் நிற்கும் மாமியார் மட்டும் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதே இல்லை.