எட்டு வருஷம் உழைக்கிற டயர்

அந்தக் காரில் ஏற வேண்டுமானால் முதலில் நன்றாகக் குனிய வேண்டும். பிறகு காலை உள்ளே நீட்டி, உடம்பை அதன் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டே கதவுதான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒருவர் மடங்கி உட்காரலாம். அந்த மடங்கிய ஆள் எப்போதும் நான்தான். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கி வந்தார். துரை அதைப் பந்தயங்களில் ஓட்டியவராம். சிவப்பு நிறம், தரையோடு தரையாக உடம்பு, கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் உறுமல். மண்டிக்கு வந்த குடியானவர்கள் அதற்குத் தவளைக் கார் என்று பெயர் வைத்தார்கள். ஒரு புளி மூட்டைகூட ஏறாத வண்டி மண்டிக்காரருக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மாமா சிரித்து மழுப்பிவிடுவார். பதில் எனக்குத் தெரியும். அது அக்காவுக்காக வாங்கிய கார்.

நாங்கள் கடத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர்கள். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வேகம் என்றால் உயிர். வண்டி மாட்டை விரட்டச் சொல்லி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். கல்யாணமாகி வந்தபிறகு மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகில் குத்தி வேகமாகப் போகச் சொல்லுவாளாம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிய பேச்செல்லாம் அவள் காதில் விழாமல் போனதற்கு அந்தக் காரின் சத்தமும் ஒரு காரணம் என்று நான் கேலி செய்வதுண்டு. நான் அப்போது தருமபுரியில் பள்ளி ஆசிரியை. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் தொப்பூர் கணவாய்க்குக் கிளம்பிவிடுவோம். அங்கே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. வளைவுகளில் இறங்குவதும், திரும்ப ஏறுவதும்தான் வேலை. ஒவ்வொரு வளைவிலும் அக்கா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சங்க, இன்னும் கொஞ்சம்" என்பாள். பின்னால் நான் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி ஓட்ட முடிந்ததற்குக் காரணம் டயர் என்று மாமா சொல்லுவார். துரை போட்டிருந்த அதே பந்தய டயர்களைத்தான் மாமாவும் மதராஸில் சொல்லிவைத்து வரவழைத்துப் போட்டார். அவை சாலையைக் கவ்விப் பிடித்தன. ஆனால் சீக்கிரம் தேய்ந்தன. பக்கங்கள் விறைப்பாக இருந்ததால் வழியில் கிடக்கும் ஒரு கல் விடாமல் நம் முதுகுக்குச் சொல்லி அனுப்பின. ஒரு ஞாயிறு, கணவாயின் வளைவு ஒன்றில் முன்சக்கரம் மைல்கல்லில் உரசிவிட்டது. பதறி இறங்கிப் பார்த்தோம். டயரின் பக்கத்தில் மேல்தோல் மட்டும் கிழிந்து, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருந்தது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அக்கா குந்தி உட்கார்ந்து கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது சிரிக்குதுங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சிரிக்கிற டயர் என்று பெயர்.

அக்காவுக்கு முதுகுவலி எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீர்க் குடம் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்றாள். தைலம் தேய்த்தோம். பிறகு குனிந்து கோலம் போட முடியவில்லை. பிறகு ஒரு கால் மரத்துப்போக ஆரம்பித்தது. சேலத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் அக்காவிடம், முதுகெலும்பில் தேய்மானம் என்றார். வாரம் ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அலுங்காமல் வர வேண்டும் என்றார். மாமாவை மட்டும் அறைக்குள் மறுபடி கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த மாமா, மருந்து பற்றிச் சொன்னார் என்றார். நாங்களும் நம்பினோம். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு குழியிலும் அக்கா பல்லைக் கடித்தாள். அப்போதும் வாய் ஓயவில்லை. "டயருக்கும் தேய்மானம், எனக்கும் தேய்மானம். டயருக்காவது மாத்திக்கக் கடை இருக்குது" என்றாள்.

சேலம் போக வாடகைக்கு ஒரு பெரிய கார் பேசலாம் என்று நான் சொன்னேன். "வேற வண்டியில ஏத்துனா நான் வூட்டுலயே கெடக்கறேன்" என்றுவிட்டாள். பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. எனவே மாமா டயரை மாற்றுவது என்று முடிவு செய்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் டயர் கடை வைத்திருந்தார். வெயில் ஏறும் முன் போய் நின்றோம். அக்கா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்துவைத்து விசிறிக்கொண்டிருந்தேன். பாய் காரைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார். "மொதலாளி, வேகம் வேணுங்களா, சொகுசு வேணுங்களா, ரொம்ப நாள் ஒழைக்கணுங்களா? மூணும் ஒரே டயர்ல கெடைக்காதுங்க. ரெண்டு கேளுங்க, தர்றேன்."

"சொகுசா இருக்கணும். ரொம்ப நாள் ஒழைக்கணும்" என்றார் மாமா. வேகத்தை அவர் வாயால் விட்டுக்கொடுத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பாய் நைலான் டயர் ஒன்றை உருட்டிவந்தார். லாரி மாதிரி உழைக்கும், ஆனால் தூக்கித் தூக்கிப் போடும் என்று அவரே ஒதுக்கினார். பிறகு உள்ளே போய், பெங்களூரிலிருந்து வந்த ஒன்றை எடுத்துவந்தார். அப்போதுதான் பெயர் அடிபட ஆரம்பித்திருந்த ரேடியல் என்ற புது வகை டயர். கட்டைவிரலால் அதன் பக்கத்தை அழுத்திக் காட்டினார். "பாருங்க, எப்டி மெத்துனு இருக்குது. குழியில வுழுந்தா இதுவே வாங்கிக்கும், உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, பழசு மாதிரி வளைவுல அடிச்சுத் திருப்பாதீங்க. ரோட்டப் புடிக்காது."

"எத்தன வருஷம் ஒழைக்கும்?" மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"பதனமா ஓட்டுனா எட்டு வருஷம் இந்தக் கடைப்பக்கமே வர மாட்டீங்க."

"கேட்டியா புள்ள?" மாமா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "எட்டு வருஷத்துக்கு நாம ரெண்டு பேரும் கவலையில்லாம ஓட்டலாம்."

அக்கா முகம் மலர்ந்தது. ஆனால் கழற்றிப் போட்டிருந்த பழைய டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழசத் தூக்கிப் போட்டுறாதீங்க. எனக்கு ஒடம்பு தேறுனதும் அதயே மாட்டி, தொப்பூர்ல ஒருக்கா எறங்கி ஏறணும்."

"அட, அத யாரு தூக்கிப் போடுவா? மண்டிக் கெடங்குல பத்திரமா வெக்கறேன்" என்றார் மாமா.

புது டயரில் சேலம் போன முதல் நாள், அக்கா பாதி வழியில் தூங்கிப்போனாள். பல நாள் கழித்து அவள் வலியில்லாமல் தூங்கியதைப் பார்த்தேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார். அதன்பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தைக் கார் ஓட்டுவது என்றே சொல்லக்கூடாது. லாரிக்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போவார்கள். பாலக்கோடு ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒருநாள் எங்களை முந்தியது. "டிராக்டருக்கே வழி வுட்டாச்சு. இனி கட்ட வண்டி ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அக்கா. பிறகு அவளுடைய வழக்கமான கேள்வி வரும். "பழச எப்பங்க மாட்டப் போறீங்க?" மாமாவின் வழக்கமான பதிலும் வரும். "அடுத்த மாசம் பாக்கலாம். மொதல்ல நீ நடந்து காட்டு."

அந்தக் கேள்விதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. ஊசி குத்திய இடம் கட்டிக்கொண்டாலும், சோறு இறங்காத நாளிலும், டயர் மாற்றுவதற்குள் நடந்துவிட வேண்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்று வருவாள். எனக்கும் அதே நினைப்புதான். அந்த டயர்கள் கிடங்கில் இருக்கிறவரை அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள். சேலத்திலிருந்து திரும்பும்போது, கணவாய் ஏறி முடிந்த இடத்தில் ஒரு டீக்கடை முன்னால் மாமா காரை நிறுத்தினார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, டீயும் வாங்கிவரப் போனார். கடையைத் தாண்டி, எதிர்ச்சாரியில் ஒரு புளியமரம். அதன் கிளையில் கயிறு போட்டு ஒரு டயரைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகள் முறைவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏன்டி," என்றாள் மெதுவாக. "அது சிரிக்குது பாரு."

ஊஞ்சல் எங்கள் பக்கம் வந்தபோது பார்த்தேன். டயரின் பக்கத்தில் அதே கிழிசல், அதே வளைவு. மாமா கிடங்குக்குக் கொண்டுபோகாமல் பாய் கடையிலேயே விட்டுவந்ததை யாரோ எடுத்து, யாரிடமோ கைமாறி அங்கே வந்திருக்க வேண்டும். எனக்கு உடனே பொங்கிக்கொண்டு வந்தது. "இரு, மாமாவக் கேக்கறேன்" என்று எழப் போனேன். பின்னால் கையை நீட்டி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"கேக்காத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரால இனி இந்த வண்டிய ஓட்ட முடியாது."

"என்ன தெரியும் உனக்கு?"

"தேறிடுவேன்னு நெனச்சிருந்தா அதத் தூக்கிப் போட்டிருப்பாரா?"

நான் அழ ஆரம்பித்தேன். கண்ணைத் துடை, வருகிறார் என்றாள். மாமா டீயோடு வந்தார். அக்கா இரண்டு வாய் குடித்தாள். பிறகு எப்போதும் போன்ற குரலில், "ஏங்க, கெடங்குல டயர எலி கிலி கடிச்சிடப் போவுது" என்றாள்.

"நேத்துக்கூடப் போயிப் பாத்தேன் புள்ள. சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்குது" என்றார் மாமா.

இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. இரண்டு பேர் மேலும். ஒரே வீட்டில், ஒரே காரில், ஒருவர் தோள் மற்றவர்மேல் இடிக்கிற அளவு நெருக்கத்தில் இருந்துகொண்டு, ஒருநாளாவது சேர்ந்து உட்கார்ந்து அழுதிருக்கலாமே. அவளுக்குத் தாங்காது என்று அவர் நினைத்தார். அவருக்குத் தாங்காது என்று அவள் நினைத்தாள். நடுவில் நான், இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு பின்சீட்டில். இன்று அந்தக் கணவாயில் சாலையை அகலமாக்கி என்னென்னவோ செய்துவிட்டார்கள். யாராவது அங்கே வேகமாகப் போனால் என் பேரப்பிள்ளைகள் குதூகலிக்கிறார்கள். எனக்கு அக்கா கிடங்கு எலியைப் பற்றிக் கேட்ட குரல்தான் காதில் விழுகிறது.

அதன்பிறகும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகக் கேட்டாள். மாமாவும் தளராமல் பதில் சொன்னார். மார்கழி முடிகிற சமயம், வீட்டிலேயே, காலையில் நான் அவளுக்கு முகம் துடைத்துத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு, கொஞ்ச நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வா என்று மாமா என்னைக் கடத்தூருக்கு அழைத்துப் போனார். முன்னால் உட்கார என்னால் முடியவில்லை. வழக்கம்போலப் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன். அவர் காரைக் கிளப்பினார். சாலையில் யாருமே இல்லை. ஆனாலும் குழிகளைச் சுற்றிச் சுற்றி, அதே நிதானத்தில்தான் ஓட்டினார். பாதி வழியில் ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பாமலே பேசினார்.

"டாக்டர் மொத நாளே சொல்லிட்டாரு பாப்பா. தேய்மானம் இல்ல, கட்டி. வருஷம் தாண்டாதுன்னாரு. அதுக்கப்புறந்தான் டயர் வாங்கப் போனேன். எட்டு வருஷம் ஒழைக்கறத வாங்குனா அவளுக்கு ஒரு தெம்பு வருமேன்னு வாங்குனேன். பழச அன்னிக்கே பாய்கிட்ட வுட்டுட்டேன். கெடங்குல வெச்சுத் தெனம் அத யாரு பாக்கறது?"

 அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"கடைசி வரைக்கும் நம்புனா இல்ல? நீதான் கூடவே இருந்த. சொல்லு, நம்புனா இல்ல?"

நாக்கின் நுனிவரை வந்தது. அந்தப் புளியமரமும், என் மணிக்கட்டைப் பிடித்த கையும், எல்லாம்.

"ஆமாங்க மாமா" என்றேன். "கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்தா."

மாமா தலையை ஆட்டினார். பிறகு ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அக்கா சாகும்வரை அவர் கண்ணில் ஒரு சொட்டு நான் பார்த்ததில்லை. சாய்ந்துகொள்ளப் பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை நான் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.