வசந்தமலர் கேட்கக்கூடாத கேள்வி

குட்மேய்ஸ் என்ற ஆங்கிலேய ஊரில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறார் வசந்தமலர். யாரைப் புதிதாகக் கண்டாலும் முதலில் ஊரைக் கேட்பது அவர் வழக்கம். சேர்ந்த வாரமே பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னார்கள். இந்த நாட்டில் அந்தக் கேள்வி சிலரைப் புண்படுத்துமாம். அன்றிலிருந்து வேலையிடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை.

கீழ்த்தளத்தில் இருந்த தோர்ன்டனுக்கு எண்பத்தெட்டு வயது. மனைவி இறந்தபின் யாரோடும் பேசுவதில்லை. நினைவு தப்பிவிட்டதென்று மதிப்பீட்டில் முடிவானால் மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கதவுகள் பூட்டியே இருக்கும், தோட்டத்துக்கு இறங்க முடியாது.

"மனிசனுக்கு எல்லாம் விளங்குது. சப்பாத்தை இடம்வலம் மாறி வைச்சால் காலாலை தள்ளிவிடுறார்," என்றார் வசந்தமலர்.

"தள்ளினதை ஃபோமிலை எழுத ஏலுமே, அக்கா?" என்று சிரித்தாள் உடன் வேலை செய்யும் துசியந்தி.

மதிப்பீடு செய்ய அலுவலர் வந்தார். இன்று என்ன கிழமை? உங்கள் பெயர் என்ன? தோர்ன்டன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலர் பேனாவை மூடினார்.

"மிஸ்டர் தோர்ன்டன், உங்கள் சொந்த ஊர் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார் வசந்தமலர். துசியந்தி நெற்றியில் கைவைத்தாள்.

கிழவர் மெல்லத் திரும்பினார்.

"பிறந்தது இல்ஃபோர்டில். ஆனால் என் பெயரே ஓர் ஊர்தான். முள்மரம் நின்ற குடியிருப்பு என்று அர்த்தம். வடக்கே அந்தப் பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. எங்களுடையது எதுவென்று தெரியாது."

"அப்படியென்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் இதே பெயரா?"

"ஊருக்குள் இருப்பவனை ஊர்ப்பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? வெளியேறிப் போனவனைத்தான் போன இடத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள்."

"இங்கே தமிழ்க் கடையில் என்னை, பிறந்த ஊரை வைத்து, மானிப்பாய் அக்கா என்கிறார்கள். மானிப்பாயில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை."

தோர்ன்டன் முதன்முறையாகச் சிரித்தார்.

"மானிப்பாய் என்றால் என்ன அர்த்தம்?"

வசந்தமலருக்குத் தெரியவில்லை.

"விசாரித்துக்கொண்டு வாருங்கள். இன்று வியாழன். திங்கட்கிழமைக்குள் சொல்லவேண்டும்."

அலுவலர் பேனாவை மறுபடி திறந்தார்.

தாழ்வாரத்தில் துசியந்தி பிடித்துக்கொண்டாள். "ட்ரெயினிங்கிலை சொன்னது மறந்து போச்சோ, அக்கா? மதிப்பீட்டுக்கு வந்த அந்த ஆள் முறைப்பாடு எழுதியிருந்தால்?"

"மறக்கேல்லை. எழுதினால் எழுதட்டும். மேல்மாடியிலை தோட்டம் இல்லையெல்லோ."

திங்கட்கிழமை காலை தோர்ன்டன் தோட்டத்து வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்துகளைத் தானே சரியாகப் போட்டிருந்தார். வசந்தமலரைக் கண்டதும் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்தார்.