எங்கே போகும் என்று கேட்டவர்

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டுச் சில மாதங்கள் கழிந்திருந்தன. துறைமுகத்துப் படை ஆஸ்பத்திரியில் எனக்கு மொழிபெயர்க்கும் வேலை. வெள்ளைக்கார டொக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டொக்டருக்கும் சொல்ல வேண்டும்.

எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குழாய் பூட்டும் ஒருவர், ஏணியிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்து வந்தார். மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர் ஆள், நாற்பது வயதிருக்கும். முறிவைப் பார்க்க எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் என்றார் டொக்டர்.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பக்க நுரையீரலை முழுதாகவே எடுத்துவிடுவார்களாம். ஆனால் இவருக்கு மற்றப் பக்கம் பழைய சயரோகத்தால் பழுதாகியிருந்தது. முழுதாக எடுத்தால் மூச்சுக்கு வழியில்லை. கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் வெட்டலாம் என்றார் டொக்டர்.

நான் சொல்லி முடிக்கவில்லை, கூட வந்திருந்த அவருடைய மனைவி அழத் தொடங்கிவிட்டார். நோயாளியோ கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, மிச்சம் விட்டா அது திரும்ப வருமோ எண்டு கேளுங்கோ."

வரலாம் என்றார் டொக்டர்.

"எங்க வரும்? வெட்டின இடத்திலயோ, வேற எங்கயுமோ?"

டொக்டர் யோசித்தார். நெஞ்சுக்குள்ளேயே வரலாம், எலும்புக்கோ மூளைக்கோ போகலாம். இப்படிக் கொஞ்சமாக வெட்டியவர்களை அதிகம் பார்த்ததில்லை, அதனால் தெரியாது என்றார்.

"தெரியாதாமோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப வெட்டச் சொல்லுங்கோ. எங்க போகுதெண்டு ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பம்."

வெட்டினார்கள். பிழைத்தார், வேலைக்கும் திரும்பினார். பிறகும் எக்ஸ்ரே படம் எடுக்கவென்று மூதூரிலிருந்து வள்ளத்தில் வருவார். டொக்டரும் அவரும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தலையோடு தலை முட்டப் பார்ப்பார்கள். போகப் போக நானும் எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

யுத்தம் முடியும் தறுவாயில், ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார். படம் எடுத்தபோது, இடுப்பெலும்பைப் புற்று அரித்திருந்தது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்த இடத்தைக் காட்டினார்.

"நெஞ்சு எப்பிடியாம் தம்பி?"

நெஞ்சையும் படம் எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"அப்ப இவர் வெட்டினதில பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. வெட்ட முந்தியே அது இடுப்புக்கு வெளிக்கிட்டிருக்கும். முழுசா எடுத்திருந்தா நான் அண்டைக்கே போயிருப்பன்."

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் அவருடைய கையைப் பிடித்தவர், நெடுநேரம் விடவில்லை. சில மாதங்களில் அவர் கட்டைபறிச்சானில் காலமானார்.

எனக்கும் வயதாகிவிட்டது, டொக்டர்மார் என் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது பயம் வரத்தான் செய்கிறது, ஆனால் அந்த மனிதரைப் பார்த்த பிறகு, பயத்தோடேயே கேள்வி கேட்கவும் எனக்கு ஏலும்.