பத்தாவது எண்

முட்டத்தில் ஒரு மீன் வண்டிக்குக் குறுக்கே காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். கண்ணாடிக்குள் போன் நம்பர் அட்டை உண்டு. யாரும் சாப்பாட்டைக் கெடுக்கக் கூடாதென்று கடைசி எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருந்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

திரும்பி வந்தால், நரைத்த மீசைக்கார டிரைவர் கண்ணாடிமேல் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது.

“நல்லா தின்னாச்சா சாரே? நானும் எத்தன வட்டம் போன் அடிச்சேன், வேற ஆளு எடுக்கான். நம்பரை நீங்களே சொல்லுங்க, பாப்போம்.”

சரியான நம்பரைச் சொன்னேன். என் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவர் முகம் விழுந்தது. “அப்போ எனக்க கண்ணுதான் கேடு. மவ அப்பவே சொன்னா. டிரைவர் வேலைக்கு இனி யாரு கூப்பிடுவா?”

நான் காரை எடுத்தேன்.

அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. பத்து எண்ணும் சரியானவை. அடிக்கத்தான் கை வரவில்லை.