எருக்குழிக்கு ஒரு பேனர்

எங்கள் எருக்குழி மேட்டில் இருக்கிறது. கொழுந்தனார் நெல் பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் சிங்கவரத்தில் நிலத்தைப் பாகம் பிரித்தபோது யாரும் மழையை நினைக்கவில்லை. போன ஐப்பசியின் முதல் மழையில், சாணிக்குவியலிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்து நேராக அவர் வயலில் இறங்கியது. கொஞ்ச நாளில் அந்த நெல் கரும்பச்சையாக மதமதவென்று நின்றது.

"உன் குப்பத் தண்ணியால தாளு மட்டுந்தான் வளருது அண்ணி. இன்னொரு தபா எறங்குனா மொத்தப் பயிரும் படுத்துடும்," என்று வரப்பில் நின்று சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என் மாட்டுச் சத்தெல்லாம் ஓசியில வாங்கிக்கினு கோவம் வேறயா?" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. அவர் மகள் மட்டும் பள்ளிக்கூடம் போகும்போது பெரியம்மா என்று கையாட்டுவாள்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. முந்தின பட்டத்தில் அதே குழி எருவைப் போட்டும் என் கடலைக் கொல்லையில் மல்லாட்டைச் செடி வெளுத்துத்தான் கிடந்தது. சத்து மழையோடு போய்விட்டது, நான் வாரி இறைத்தது வெறும் சக்கை. ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்காரரும் நானுமாகக் குவியலை ஒதுக்கி, குழிக்குள் ஏரிக் களிமண்ணைக் கொட்டி மிதித்து இறுக்கினோம். சுற்றிலும் கரை கட்டினோம். மறுநாள் அவர் வேலைக்குப் போய்விட, எருவை நான் ஒருத்தியாகத் திரும்ப அள்ளிப் போட்டு நிமிர்ந்தபோது செஞ்சிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மழை வந்துகொண்டிருந்தது. செஞ்சிக்குப் போய்த் தார்ப்பாய் வாங்க நேரமில்லை. மூடாவிட்டால் குழி நிரம்பி வழியும். அந்த நெல் கொழுந்தனார் வீட்டு வருஷச் சாப்பாடு.

மாட்டுக்கொட்டகையில் ஒரு பேனர் இருந்தது. கொழுந்தனார் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்தது. பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் வைக்கோல் மூட வாங்கி வந்தோம். அதில் அவர் கைகூப்பி "வருக வருக" என்கிறார், பக்கத்தில் பட்டுப்புடவையில் அந்தப் பெண். கவிழ்த்துப் போட்டால் முகம் சாணியில் படும். நிமிர்த்திப் போட்டால் ஊரே சிரிக்கும். சண்டை போட்ட அன்றைக்கு என்றால் யோசித்தே இருக்க மாட்டேன். இப்போது கவிழ்க்க மனசு வரவில்லை. நிமிர்த்தித்தான் விரித்தேன்.

கல் வைப்பதற்குள், தண்ணீரைத் திருப்பிவிட மண்வெட்டியோடு கொழுந்தனார் ஓடி வந்தார். சாணிமேல் தன் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். மழை கொட்ட ஆரம்பித்தது.

"மூட வேற ஒண்ணுமில்ல தம்பி. உன் நெல்லு சாயக்கூடாதுன்னுதான்," என்றேன்.

அவர் பேனரின் மூலையைப் பிடித்துத் தூக்கினார். கிழித்தெறியப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா மொகத்த மட்டும் உள்ள மடிச்சி உட்டுடு அண்ணி," என்றார். "என்னுது இருக்கட்டும்."

மடித்தோம். பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்து, படத்திலிருந்த தன் நெஞ்சின் மேல் அவரே வைத்தார்.

அந்த மழையில் காப்பித் தண்ணீர் இறங்கவில்லை. அறுக்கும்வரை நெல் நின்றது. குப்பைமேட்டில் அவரும் அதுவரை எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.