கறுத்த இலைச் சுருட்டு யாருக்கு?

தன்னாமுனையிலிருந்து உச்சி வெயிலில் பஸ் ஏறி, சுருட்டு வாங்க ஏறாவூர்க் கடைக்குப் போனேன். முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்றன.

யாழ்ப்பாணத்துக் கறுத்த இலை சுற்றிய சுருட்டுத்தான் என் வழக்கம். ஆனால் "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லித்தான் வாங்குவேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தானே.

இன்று கடைக்காரத் தம்பி வெளிறிய இலைச் சுருட்டை நீட்டினார்.

"கறுத்த இலை முடிஞ்சி போச்சி அம்மா. இதக் கொண்டு போங்க. ஐயாவுக்கு வித்தியாசம் விளங்காது."

வந்த களைப்பில் வாய் முந்திவிட்டது.

"என்ன மனே விளங்காது? இந்த இலை ஒரு பக்கமா எரியும், நாக்கக் கடிக்கும். கறுத்த இலையெண்டா கடைசி இழுவை வரைக்கும் இனிக்கும்."

கடையில் நின்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா சொன்னவரா?" என்றார் தம்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இத்தனை வருடம் சொன்ன பொய்யை இன்னொரு முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அவர் செத்து நாலு வருசம் மனே. நான்தான் சுருட்டுப் பத்துறது."

தம்பி கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போய் ஒரு கட்டு எடுத்து வந்தார். அத்தனையும் கறுத்த இலை.

"வாப்பாவுக்கெண்டு எடுத்து வெச்சது. நீங்க கொண்டு போங்க."

உள்ளேயிருந்து அவருடைய உம்மாவின் குரல் கேட்டது.

"டேய், எல்லாத்தையும் குடுத்துராத! எனக்கு ரெண்டு வை!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது.

சரி, உங்கள் வீட்டு "ஐயாமாருக்கு" எந்த இலை பிடிக்கும்?